சந்தைக்கு வழி காட்டியோர்

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே உரியன. ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

இன்றைய நிகழ்ச்சி நிரலில் கணக்கு, தணிக்கை, பள்ளியின் மேல்தளப் பணி, மதரஸா ஆசிரியர் ஊதியம் என எட்டுப் பொருள்கள் விரிவாக அச்சிடப்பட்டுள்ளன. ஒன்பதாவதாக, ‘வெளிமாநிலத் தொழிலாளர் பற்றி’ என்று ஒரே ஒரு வரி. ‘இதர’ என்ற தலைப்புக்கு ஒரு படி மேலே அதற்கு இடம் கிடைத்திருக்கிறது. அந்த ஒரு வரியைப் பற்றிப் பேச நிர்வாகம் நமக்கு அரைமணி நேரம் ஒதுக்கியுள்ளது. ஜஸாக்கல்லாஹு கைரன்.

அவர்களுக்கு நாம் என்ன செய்யலாம் என்று பேசுமுன், நம் பக்கத்து மக்கள் கடல் கடந்து போனபோது தமக்குள் என்ன செய்துகொண்டார்கள், போன இடத்தில் அவர்களுக்கு எவ்வாறு இடம் தரப்பட்டது என்பதை எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும். நம் வீடுகளில் சபுராளி இல்லாத வீடு எது? பாட்டனார் கொழும்பிலோ, பினாங்கிலோ, சிங்கப்பூரிலோ இருந்திருப்பார். மகன் இன்று துபையிலோ, ரியாதிலோ இருக்கிறார்.

மக்காவிலிருந்து வெறுங்கையுடன் வந்து சேர்ந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களை, மதீனத்து அன்சாரியான ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்களோடு நாயகம் (ஸல்) அவர்கள் சகோதரராக இணைத்துவைத்த செய்தி நம் மதரஸாச் சிறுவர்க்கும் தெரியும். ஸஅத் (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் சரிபாதியைத் தர முன்வந்தார்கள். அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களோ அவருக்காக துஆச் செய்துவிட்டு, இவ்வூரின் சந்தை எங்கே இருக்கிறது என்று கேட்டார்கள். கைனுகா கூட்டத்தாரின் சந்தை காட்டப்பட்டது. பாலாடைக்கட்டியும் நெய்யும் வாங்கி விற்று, சில நாள்களிலேயே தம் காலில் நின்றுகொண்டார்கள். இந்தச் செய்தியைச் சொல்லும் நம்மவர் பெரும்பாலும் பாதிச் செல்வத்தோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். கேட்பதற்கு அது உருக்கமாக இருக்கும். எவரும் அதைச் செய்யப்போவதில்லை என்பதால் சங்கடமும் இல்லை. வந்தவர் கேட்டதோ சந்தைக்கு வழி. எங்கே வேலை கிடைக்கும், எவரிடம் கூலி பேசலாம், எவரிடம் பேசக்கூடாது, நோய் வந்தால் எங்கே போவது, மௌத்தானால் எங்கே அடக்குவது என்பனவெல்லாம் புதிதாய் வந்தவனுக்கு அந்த வழியைச் சேர்ந்தவையே.

இனிக் கடையநல்லூருக்கு வருவோம். 2019 நவம்பர் முதல் அது தென்காசி மாவட்டத்தில் சேர்ந்துவிட்டது. ஆயினும் அவ்வூர்க் கருப்பாநதியின் நீர் சிற்றாற்றோடு சேர்ந்து சீவலப்பேரியில் நம் தாமிரபரணியில்தான் கலக்கிறது. எனவே அவர்களை வேற்று மாவட்டத்தார் என்று கருத நமக்கு மனம் வரவில்லை.

தறியை நம்பியிருந்த ஊர் அது. இறக்குமதியான ஆலைத் துணியின்முன் கைத்தறி நலிந்தது. பஞ்ச காலங்களில் நெசவாளனே முதலில் பட்டினி கிடந்தான். உணவு வாங்கவே காசில்லாதபோது துணி வாங்குவோர் யார்? கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் மக்கள் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறினார்கள். ரஜுலா என்ற கப்பலின் பெயர் நம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். நாகப்பட்டினத்திலிருந்து மேல்தளப் பயணிகளாய், பாயும் தகரப்பெட்டியுமாய்ப் போனார்கள். சிங்கப்பூரை அடைந்தாலும் உடனே கரையிறங்க இயலாத நிலை பலருக்கு ஏற்பட்டது. கப்பலில் அம்மையோ காலராவோ கண்டால் செயின்ட் ஜான்ஸ் தீவில் தடுத்துவைக்கப்பட்டு, நாள்களைக் கழித்த பின்னரே நகருக்குள் விடப்பட்டனர்.

அவர்களுக்கு முன்பே தமிழ் முஸ்லிம்கள் அங்கு இருந்தார்கள். சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள ஜாமிஆ சூலியாப் பள்ளி 1826இலும், தெலுக் ஆயர் தெருவிலுள்ள அல் அப்ரார் பள்ளி 1827இலும் தோன்றியவை. பின்னதை இன்றும் நம்மவர் குச்சுப்பள்ளி என்றே அழைப்பர். தொடக்கத்தில் அது ஒரு குடிசையாய் இருந்ததே காரணம். சோழமண்டலக் கரையின் வணிகர்கள் கட்டிய பள்ளிகள் அவை. வணிகர்கள் பெரும்பாலும் தனியே போய்ப் பொருளீட்டி, ஊர் திரும்பினர். கடையநல்லூராரும் தென்காசியாரும் போனது உடலுழைப்புக்கு. ஆயினும் அவர்கள் மனைவி மக்களையும் உடனழைத்துச் சென்று குடும்பமாகக் குடியேறினர். அக்காலத் தமிழ் முஸ்லிம்களிடையே இது அரிய வழக்கம்.

குடும்பம் போனதால்தான் எல்லாம் மாறியது என்பது நம் கருத்து. துறைமுகத்தை ஒட்டிய தஞ்சோங் பகார் பகுதியில் நெருக்கமான வீடுகளில் குடியமர்ந்தனர். ஆண்கள் துறைமுகத்திலும் சிறு கடைகளிலும் உழைத்தனர். பெண்கள் விடியலுக்கு முன்பே எழுந்து அம்மியில் மிளகாயும் மல்லியும் மஞ்சளும் அரைத்து, வீடுகளுக்கும் சாப்பாட்டுக் கடைகளுக்கும் விற்றனர். பல வீடுகளின் அடுப்பு அந்த அம்மியால் எரிந்தது. இன்றும் அப்பகுதியில் கடையநல்லூர் ஸ்திரீட் என்று ஒரு தெரு இருக்கிறது. நம் நாட்டிலேயே பெரிய நகரங்களில் நம் ஊர்ப் பெயரில் ஒரு தெரு வாங்குவது எளிதன்று. அவர்கள் அங்கே பெற்றார்கள். சபுராளிகளைப் பற்றி எழுதுவோர் கப்பலையும் கடையையும் எழுதுவார்கள். அம்மியை எழுத மறந்துவிடுகிறார்கள். நம் ஜமாஅத் பெண்கள் இம்மலரைப் படிப்பார்கள் என்பதால் இதைச் சற்று அழுத்திச் சொல்கிறோம்.

புதிதாய் வருவோர் தொகை பெருகவே, சங்கங்கள் எழுந்தன. 1939இல் தென்காசி முஸ்லிம்களின் நலச் சங்கம். 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக். இவற்றின் பெயரில் உள்ள ‘லீக்’ என்ற சொல்லைக் கண்டு அரசியல் கட்சி என்று எவரும் மயங்க வேண்டாம். ஊர்மக்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ள அமைத்த கூட்டங்கள் அவை.

லீக் பிறந்த ஆண்டைக் கவனியுங்கள். அதே 1941இன் டிசம்பர் 8 அன்று சிங்கப்பூர்மீது ஜப்பானியரின் முதல் குண்டு விழுந்தது. 1942 பிப்ரவரி 15 அன்று நகரமே வீழ்ந்தது. அடுத்த மூன்றரை ஆண்டுகள் ஊருடனான அஞ்சலும் பணவிடையும் அறுந்துபோயின. கடையநல்லூரில் இருந்தோர்க்குத் தம் மக்கள் உயிரோடிருக்கிறார்களா என்பதே தெரியவில்லை. ஒரு சங்கம் கலைந்துபோவதற்கு இதைவிட வேறென்ன காரணம் வேண்டும்? அது கலையவில்லை. 1945இல் போர் முடிந்தது. மறு ஆண்டே, 1946இல், லீக் தொடங்கியது ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம்.

பசியும் நோயும் நகரைவிட்டு நீங்காத காலம் அது. வேலையிழந்தோர் பலர். கையிலிருந்த பணத்தை அரிசிக்குச் செலவிடுவதா, பள்ளிக்கூடத்துக்கா என்று அன்றைய கூட்டங்களில் எவரேனும் கேட்டிருப்பர் என நாம் ஊகிக்கிறோம். நம் பொதுக்குழுவிலும் இத்தகைய கேள்விகள் எழுவதுண்டல்லவா! அவர்கள் இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. பிழைக்க வந்த தகப்பனுக்கு வேலை தேடித் தருவதும், அவன் பிள்ளைக்குத் தமிழெழுத்துச் சொல்லித் தருவதும் ஒரே சங்கத்தின் ஒரே வேலையாக இருந்தன.

அப்பள்ளிக்கு அவர்கள் இட்ட பெயர் உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி. நிதி கொடுத்தவர் கடையநல்லூரார், நடத்தியவர் கடையநல்லூரார். எனினும் தம் ஊர்ப்பெயரை இடவில்லை. அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த எட்டயபுரத்தில் அடங்கியிருக்கும் புலவரின் பெயரை இட்டார்கள். பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்து, நாயகம் (ஸல்) அவர்களின் வரலாற்றை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட விருத்தங்களில் சீறாப்புராணமாகப் பாடியவர் அவர். எட்டயபுரத்தின் அவைப்புலவர், அவரை ஆதரித்தவர் கீழக்கரை வள்ளல் சீதக்காதி. அப்பெயரைக் கேட்டால் முஸ்லிமுக்கும் உரிமை தோன்றும். தமிழறிந்த எவருக்கும் உரிமை தோன்றும். அவ்வாறே சமய வேறுபாடின்றித் தமிழ்ப் பிள்ளைகள் அங்கு வந்து பயின்றனர். பின்னர் அது உயர்நிலைப் பள்ளியாக வளர்ந்து, சிங்கப்பூரின் ஒரே தமிழ் உயர்நிலைப் பள்ளியாக விளங்கியது.

1953 முதல் குடிநுழைவு விதிகள் இறுகிப் புதியவர் வருகை குறைந்தது. நகர மறுசீரமைப்பில் தஞ்சோங் பகார் வீடுகள் காலியாகி, மக்கள் அரசின் அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்குச் சிதறிப் போயினர். ஆங்கிலவழிக் கல்விக்கே பெற்றோர் பிள்ளைகளை அனுப்பலாயினர். 1982இல் பள்ளி மூடப்பட்டது. மறு ஆண்டே, 1983இல், பிற பள்ளிகளில் பயிலும் மாணவர் வந்து தமிழ் கற்கும் இடமாக உமறுப் புலவர் தமிழ் மொழி நிலையம் அரசின் கல்வி அமைச்சின்கீழ்த் தோன்றியது. இன்று அது பீட்டி சாலையில் நடைபெறுகிறது. கட்டடம் போனது, பெயரும் பணியும் தங்கின. நாற்பது ஆண்டுகளில் ஒரு சங்கம் இவ்வளவு செய்திருக்குமானால் அதைக் குறைவு என்று சொல்ல நமக்கு வாயில்லை.

ஆனால் எல்லாவற்றையும் புகழ்ந்துகொண்டே போவதும் நியாயமாகாது. தென்காசிக்கும் கடையநல்லூருக்கும் இடையே இருபது கிலோமீட்டர்கூட இல்லை. கடல் கடந்து போயும் ஆளுக்கொரு சங்கம்! ஊர்ச் சங்கம் என்பது முதல் தலைமுறைக்குத் தாய்மடி. மூன்றாம் தலைமுறைக்கு அது ஒரு வேலியாகவும் ஆகிவிடக்கூடும். பெண் கொடுப்பதும் எடுப்பதும் ஊருக்குள்ளேயே என்றிருக்கும் இடத்தில் இந்த ஆபத்து அதிகம்.

அடுத்த வேறுபாட்டையும் கவனிக்க வேண்டும். வளைகுடா நாடுகளில் எத்தனை ஆண்டு உழைத்தாலும் குடியுரிமை அரிது. விசா முடிந்தால் புறப்பட வேண்டியதுதான். ஆதலால் அங்குள்ள நம்மவர் மன்றங்களின் முகம் ஊரை நோக்கியே இருக்கிறது. தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்திற்கு அருகிலுள்ள காயல்பட்டினத்தாரைச் சொல்லலாம். ரியாத், ஜித்தா, தம்மாம் எனச் சென்ற இடமெல்லாம் மன்றம் அமைத்து, ஊரிலுள்ள ஏழைகளின் மருத்துவத்துக்கும் மாணவர் கல்விக்கும் அவர்கள் செய்துவரும் உதவி ஏனைய ஊர்களுக்கு முன்மாதிரியானது. நம் ஊர்ப் பிள்ளைகளும் கைப்பேசிக் குழுக்கள் வைத்திருக்கிறார்கள். ஊர் முகப்பில் அலங்கார வளைவு கட்ட அதில் சில நாளில் பணம் சேர்ந்துவிடுகிறது. அதே குழுவில் உள்ள ஒருவர் வேலையிழந்து, சம்பளப் பாக்கியோடு, தங்க இடமின்றி நின்றால் அதே வேகம் வருகிறதா என்பதை அப்பிள்ளைகளே எண்ணிப் பார்க்கட்டும்.

சிங்கப்பூரில் நம்மவர்க்கு இடம் தந்தவர்களையும் மறக்கலாகாது. அங்குள்ள முஸ்லிம்களில் பெரும்பான்மையோர் மலாய் மக்கள். பெரும்பாலான பள்ளிகளில் குத்பாப் பேருரை மலாய் மொழியிலேயே நடைபெறுகிறது. ஆயினும் ஜாமிஆ சூலியா, குச்சுப்பள்ளி போன்ற சில பள்ளிகளில் இன்றும் வெள்ளிதோறும் தமிழ் ஒலிக்கிறது. சிறுபான்மையினர் தம் மொழியில் மார்க்கம் கேட்பதால் ஜமாஅத் உடைந்துவிடும் என்று அங்கு எவரும் கூறவில்லை. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், மீண்டும் தேவைப்படும்.

இவ்விடத்தில் இன்னுமொரு நாட்டைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். செங்கடலின் மறுகரையில் எரித்திரியா என்றொரு சிறுநாடு. ஹிஜ்ரத்தில் மதீனாவுக்கு முந்தியது ஹபஷா என்பதை அறிவீர்கள். கி.பி. 615 அளவில், மக்காவின் கொடுமை தாளாது கப்பலேறிய ஸஹாபாக்கள் கரையிறங்கிய பகுதி இன்றைய எரித்திரியாவின் மஸாவாத் துறைமுகம் என்பது அந்நாட்டாரின் வழிவழி நம்பிக்கை. ஸஹாபாக்களின் பெயரால் அங்கே ஒரு பள்ளியும் உண்டு. நஜ்ஜாஷி மன்னர் அவர்களுக்கு அடைக்கலம் தந்தார்; குறைஷியர் அனுப்பிய தூதரிடம் ஒப்படைக்க மறுத்தார். அவர் அவையில் ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்கள் மர்யம் அத்தியாயத்தை ஓதிக்காட்டியதையும் செவிமடுத்தார். தம் நாட்டில் இருப்பதானால் தம் சமயத்துக்கு மாறிவிட வேண்டும் என்று அவர் நிபந்தனை விதிக்கவில்லை. வந்தவன் தங்கலாம், தன் வழியிலேயே தொழலாம் என்ற இரண்டும் சேர்ந்தே அங்குக் கிடைத்தன.

அன்று அடைக்கலம் தந்த கரையிலிருந்து இன்று மக்கள் அடைக்கலம் தேடி ஓடுகிறார்கள். 1961 முதல் 1991 வரை முப்பதாண்டுப் போர், 1993இல் விடுதலை, 1998 முதல் 2000 வரை எத்தியோப்பியாவுடன் எல்லைப் போர், முடிவுநாள் தெரியாத கட்டாயத் தேசியப் பணி. சூடானைக் கடந்து, பாலைவனத்தைக் கடந்து, மத்தியதரைக் கடலில் படகேறுகிறார்கள். 2013 அக்டோபர் 3 அன்று இத்தாலியின் லம்பெதூசாத் தீவருகே ஒரு படகு கவிழ்ந்து முந்நூற்று அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் மிகப் பலர் எரித்திரியர். பிழைத்துக் கரையேறியோரை ஸ்வீடன், ஜெர்மனி, பிரிட்டன், அமெரிக்கா, கனடா எங்கும் அவர்தம் சங்கங்கள் எதிர்கொள்கின்றன. அரசு அலுவலகத்துக்கு உடன் செல்வது, படிவம் நிரப்புவது, மொழிபெயர்ப்பது, வார இறுதியில் பிள்ளைகளுக்குத் திக்ரிஞா மொழியின் எழுத்தைக் கற்பிப்பது என அவர்கள் செய்பவை, தஞ்சோங் பகாரில் நம்மவர் செய்தவற்றிலிருந்து வேறல்ல. கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் கொண்ட சமூகம் அது.

அவர்களிடமிருந்து எச்சரிக்கையும் பெறலாம். தாய்நாட்டு அரசை ஆதரிப்போர், எதிர்ப்போர் என்ற பிளவு அவர்கள் விழாக்களுக்குள் நுழைந்தது. 2022, 2023ஆம் ஆண்டுகளில் ஜெர்மனியின் கீசென் நகரிலும், ஸ்டாக்ஹோமிலும் அவ்விழாக்கள் கலவரத்தில் முடிந்தன. ஒரே படகில் தப்பி வந்தவர்களின் இனத்தார் ஒருவர்மீது ஒருவர் கல்லெறிந்தனர். புதிதாய் வந்தவனிடம் ‘நீ எந்தப் பக்கம்?’ என்று கேட்கத் தொடங்கினால் சங்கம் போய்விடும். நம்மிடையேயும் இயக்கங்கள் பல உண்டு. எதையும் பெயர் சொல்ல வேண்டியதில்லை. கொல்கத்தாவிலிருந்து ரயிலேறி வந்து பள்ளியில் ஒதுங்கி நிற்பவனிடம் நம் முதற்கேள்வி, தொழுகையில் கையை எங்கே கட்டுகிறாய் என்பதாக இருக்க வேண்டாம்.

இப்போது ஒன்பதாவது பொருள்.

முர்ஷிதாபாத், மால்டா, கிஷன்கஞ்ச், அஸ்ஸாம் எனப் பல இடங்களிலிருந்து வந்தோர் நம் மாநகரில் உழைக்கிறார்கள். அடுக்குமாடிகளில் கம்பி கட்டுகிறார்கள், சாரத்தில் நிற்கிறார்கள், உணவகங்களில் பரோட்டாவுக்கு மாவு பிசைகிறார்கள். வெள்ளியன்று நம் பள்ளியின் கடைசி ஸஃப்புகளில் அவர்களைக் காணலாம். ஜமாஅத் முடிந்ததும் முதலில் வெளியேறுவோரும் அவர்களே. நம்மில் எத்தனை பேருக்கு அவர்களில் ஒருவரின் பெயரேனும் தெரியும்?

சென்ற ஆண்டு சாரத்திலிருந்து விழுந்து ஒரு வங்காள இளைஞர் மௌத்தான செய்தி உங்களுக்குத் தெரியும். இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஊருக்கு மையித்தைக் கொண்டுசெல்ல அவரோடிருந்தவர்களிடம் பணமில்லை. ஊரிலுள்ள தந்தைக்கு யார் தகவல் சொல்வது, எந்த எண்ணுக்குச் சொல்வது என்பதற்கே பல மணி நேரம் கழிந்தது. நம் பதிவேட்டில் பெயரில்லை, ஊர் ஜமாஅத்தின் கடிதமில்லை, சந்தா இல்லை. ஆகவே நம் மையவாடியில் இடம் தரலாமா என்ற பேச்சு அஸரில் தொடங்கி இஷாவைத் தாண்டியது. முடிவில் நல்லபடியாகவே அடக்கம் நடந்தது. சந்தூக்கைச் சுமக்கவும் நம் இளைஞர்கள் முன்வந்தார்கள். ஆயினும் அந்த நான்கைந்து மணி நேரம் அவருடைய தோழர்கள் பள்ளி வாசலில் உட்கார்ந்திருந்ததை நாம் கண்டோம். சிங்கப்பூர் பிடாடாரி மையவாடியில் நம் பக்கத்து மக்கள் எத்தனையோ பேர் அடங்கியிருந்தார்கள். 2001க்குப் பின் அந்நிலம் வேறு தேவைக்கு எடுக்கப்பட்டபோது கப்ருகள் முறையாகத் தோண்டப்பட்டு சுவா சூ காங்கில் மறு அடக்கம் செய்யப்பட்டன. அங்கே ஒருவரும் நம் பாட்டனாரின் சந்தா இரசீதைக் கேட்கவில்லை.

இடம் போதாது என்று மூத்தோர் சிலர் சொல்வதில் நியாயம் உண்டு. நம் மையவாடி சிறியது, குடும்பங்கள் பெருகிவிட்டன. ஆனால் வெளிமாநிலத்தார் அடக்கம் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ. நெருக்கடி அவர்களால் வந்ததன்று. ஒவ்வொரு குடும்பமும் தனக்கென்று வரிசை பிடித்துவைத்திருப்பதால் வந்தது. இதைச் சொன்னால் சிலருக்குக் கசக்கும். கசந்தாலும் கணக்கு அதுதான்.

பதிவேட்டைப் பற்றி இளைஞர் சிலர் எழுப்பிய ஐயம் வேறு. வங்காள மொழி பேசினாலே அந்நிய நாட்டவரோ என்று ஐயுறும் காலம் இது. பெயர்களை எழுதிவைத்தால் அது அவர்களுக்கே இடராகாதா என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. நாம் எழுதப்போவது காவல்துறைக்கான பட்டியலன்று. ஒருவன் இவ்வூரில் இன்னாரிடம் வேலை செய்கிறான், நமக்குத் தெரிந்தவன் என்று தேவைப்படும்போது சாட்சி சொல்வதற்கான ஏடு. அவரவர் விரும்பினால் மட்டுமே பதிவு. ஏடு பள்ளியின் அலமாரியில் பூட்டில் இருக்கும். 2023 மார்ச் மாதம், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர் தாக்கப்படுகிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவி, அஞ்சிய பலர் ரயிலேறிப் போனதை மறந்திருக்க மாட்டீர்கள். அவ்வேளையில் அவர்கள் நம்பிக் கேட்கத்தக்க உள்ளூர் மனிதர் ஒருவர் இருந்திருந்தால் அந்த அச்சம் பாதியாவது குறைந்திருக்கும்.

உதவி என்றால் பணம் என்று எண்ணிவிட வேண்டாம். ‘ஒரே நாடு ஒரே ரேஷன்’ திட்டம் தமிழ்நாட்டில் 2020 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ளது. தம் மாநிலத்தில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அட்டை வைத்திருப்போர் இங்குள்ள நியாயவிலைக் கடையிலும் விரல்ரேகை வைத்துத் தானியம் பெறலாம். இது நாம் பேசிப் பார்த்த தொழிலாளர்களில் பலருக்குத் தெரியவில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய இ-ஷ்ரம் பதிவும் அவ்வாறே. உருது அல்லது இந்தி அறிந்த நம் பிள்ளைகள் இருவர் மாதம் ஒரு ஞாயிறு உடன் அமர்ந்தால் போதும். சந்தைக்கு வழி காட்டியதாகும். ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்கு உடன் செல்லவும், மருத்துவர் சொல்வதை மொழிபெயர்க்கவும் ஓர் ஆள் வேண்டும்.

இனி, நம்மில் பலர் எதிர்பாராத ஒன்று. அவர்களுக்கென்று அவர்களே ஒரு குழு அமைத்துக்கொள்ள நாம் இடம் தர வேண்டும். மதரஸாவின் மேல்மாடிக் கூடம் ஞாயிறு அஸருக்குப் பின் பூட்டியே கிடக்கிறது. அங்கே அவர்கள் கூடட்டும். தம் தலைவரைத் தாமே தேர்ந்துகொள்ளட்டும். தம்மிடையே சிறு தொகை சேர்த்து நோயாளிக்கும் மையித்துக்கும் வைத்துக்கொள்ளட்டும். குடும்பத்தோடு வந்தோரின் பிள்ளைகள் அரசுப் பள்ளியில் தமிழ் கற்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். அப்பிள்ளைகள் தம் பாட்டிக்கு வங்காளத்தில் கடிதம் எழுதவும் தெரிந்திருக்க வேண்டுமல்லவா? அதே கூடத்தில் அவர்கள் தம் எழுத்தைச் சொல்லித் தரட்டும். மாதம் ஒருமுறை அவர்கள் மொழியில் பயான் நடக்கட்டும். குச்சுப்பள்ளியில் தமிழ் ஒலிப்பதால் சிங்கப்பூருக்கு ஒரு கேடும் வந்துவிடவில்லை. இரவலாகக் கூடம் தருவதனால் நம் உரிமையும் போய்விடாது. சாவி நம் முஅத்தின் அவர்களிடமே இருக்கும்.

நிர்வாகத்தின் அனுமதியோடு நாம் முன்வைக்கும் தீர்மானம் இவ்வளவே: விரும்பி வருவோர்க்குச் சந்தாவின்றித் தனிப் பதிவேடு, பதிவிருந்தாலும் இல்லாவிட்டாலும், இவ்வூரில் மௌத்தாகும் எந்த முஸ்லிமுக்கும் மையவாடியில் கேள்வியின்றி இடம், கஃபன் செலவு பைத்துல்மாலிலிருந்து, ஞாயிறு அஸர் முதல் இஷா வரை மேல்மாடிக் கூடம். மையவாடி குறித்த பகுதிக்கு மாற்றுக் கருத்துடையோர் இப்போதே எழுந்து பேசலாம். வாக்கெடுப்பு வேண்டுமாயினும் நடத்தலாம். மஹல்லாவுக்குள் பின்னர் முணுமுணுக்க வேண்டாம்.

பதிவேட்டுக்கான ஏடு வாங்கிவைக்கப்பட்டுள்ளது. பெயர், தந்தை பெயர், ஊர், இங்கு வேலை செய்யும் இடம், அவசரத்தில் ஊரில் யாருக்குச் சொல்வது, அவருடைய தொலைபேசி எண் என ஆறு கட்டங்கள் கோடிட்டிருக்கிறோம். வரும் வெள்ளி ஜும்ஆவுக்குப் பின் வாசலின் இடப்புறம் மேசை போடப்படும். வங்காள எழுத்தோ இந்தி எழுத்தோ அறிந்த ஒருவர் உடன் அமர வேண்டும். முன்வருவோர் இன்று மஃரிபுக்குள் நம்மிடம் பெயர் தரவும்.

வஸ்ஸலாம்.